பழைய புல்லட்டுக்கு கஃபே ரேசர் சீட்: பிரேமை வெட்டாமல் முடியுமா?

ஜூன் 3, காலை

கருங்கல்லிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி. அப்படியே தருகிறேன்:

“அப்பாவின் 1988 புல்லட் 350 வீட்டில் நிற்கிறது. அதற்கு கஃபே ரேசர் சீட் பொருத்த ஆசை. பின்பக்க பிரேமை வெட்டி, வளைந்த குழாய் ஒன்றை வெல்டிங் செய்தால்தான் அழகு வரும் என்கிறார் மெக்கானிக். வண்டியில் ரம்பம் பட்டால் நீ வீட்டுக்குள் கால் வைக்காதே என்கிறார் அப்பா. வெட்டாமல் முடியுமா அண்ணா?”

ஜூன் 3, இரவு

முடியும். அப்பா சொல்வதைக் கேளுங்கள். (கஃபே ரேசர் சீட் என்றால் பந்தய வண்டியில் இருப்பதுபோல மெலிந்து, பின்னால் மேடு எழும்பி நிற்கிற சீட்.)

என்னிடம் இருப்பது 1986 வண்டி. பெரியப்பா வாங்கியது, எனக்கு வந்தது. பழைய சீட் எந்த இடங்களில் பிடித்திருக்கிறதோ அதே இடங்களில் புதிய சீட்டும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். முன்னால் ஒரு பிடி, பின்னால் இரண்டு போல்ட். அடியில் ஒரு தட்டு, அதன் மேல் 40 மில்லிமீட்டர் தும்பு (தேங்காய் நார்) மெத்தை, அதன் மேல் ரெக்சின். பின்பக்க மட்கார்டைக் கழற்றி வைத்துவிட்டால் வண்டி மெலிந்து தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஜூன் 4

தம்பி திருப்பிக் கேட்டிருக்கிறார்: “நீங்கள் செய்திருக்கிறீர்களா?”

இல்லை. பெங்களூரில் இருக்கும் மருமகன் செய்து படம் அனுப்பினான், பார்த்திருக்கிறேன்.

கேள்வி நியாயமானது. ஆனாலும் சுட்டுவிட்டது. என் வண்டியிலேயே செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 9

அட்டை வேலை முடிந்தது. தக்கலையில் அச்சகம் வைத்திருப்பதில் ஒரு லாபம், மில் போர்டுக்கு அலைய வேண்டியதில்லை. கணக்குப் புத்தகங்களுக்குப் பைண்டிங் செய்ய வைத்திருந்த தடித்த அட்டையில் சீட்டின் அடிவடிவத்தை வெட்டினேன். வலது பக்கம் சரியாக உட்கார்ந்த அட்டை இடது பக்கம் உட்காரவில்லை. அரை மணி நேரம் அட்டையைக் குறை சொன்னேன். அப்புறம்தான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: வண்டியின் பின்பகுதியே இடது பக்கம் 5 மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது. பெரியப்பா வில்லுக்குறி அருகே மாட்டின் மேல் மோதிய கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. மாடு எழுந்து போய்விட்டதாகச் சொல்வார்கள். போகவில்லை, இங்கேதான் இருக்கிறது.

ஆகவே தம்பி, “புல்லட்டுக்குப் பொருந்தும்” என்று தயாராக விற்கிற சீட்டை வாங்குவதற்கு முன் உங்கள் வண்டிக்கு அட்டை வெட்டிப் பாருங்கள். 1988 வண்டி என்றால் அதற்குள்ளும் ஒரு மாடு இருக்கும்.

அடுத்தது நீளம். சீட்டின் பின்னால் எழும்பி நிற்கிற மேட்டை இளைஞர்கள் கவுல் என்கிறார்கள். எனக்கு அது திமில். காளைக்கு முன்னால், இந்த வண்டிக்குப் பின்னால். டேங்கின் பின் விளிம்பிலிருந்து திமில் தொடங்கும் இடம் வரை எவ்வளவு என்பதில்தான் சீட் உட்காரத் தகுமா, படத்துக்கு மட்டுமா என்பது இருக்கிறது. மருமகன் சொன்ன அளவு 38 சென்டிமீட்டர். அட்டையில் திமிலையும் நிறுத்தி உட்கார்ந்து பார்த்தேன். வயிறு டேங்கையும் இடுப்பு திமிலையும் ஒரே நேரத்தில் தொட்டன. மருமகனுக்கு வயது 26. நான் 46 சென்டிமீட்டருக்குப் போய்விட்டேன்.

கண்ணுக்கு அழகு வேண்டுமானால் டேங்கின் அடிவிளிம்பிலிருந்து பின்னோக்கி ஒரு நூல் கட்டிப் பாருங்கள். சீட்டின் அடி அந்த நூலோடு ஒட்டிப் போக வேண்டும். பின்னால் தாழ்ந்தால் வண்டி சோர்ந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

ஜூன் 10

“கஃபே ரேசர் என்றால் டீக்கடைப் பந்தயமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிட்டத்தட்ட அதேதான். லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையில் ஏஸ் கஃபே என்று ஒரு கடை. ஐம்பதுகளில் திறந்தது. அங்கே கூடிய இளவட்டங்களுக்கு மணிக்கு 100 மைல் தொடுவது ஒரு வெறி. மைதானத்தில் ஓடும் பந்தய வண்டிகளைப் பார்த்து ஹேண்டிலைத் தாழ்த்தினார்கள், கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள், சீட்டை ஒற்றையாக்கித் திமில் வைத்தார்கள். வேகம் எடுக்கும்போது ஆள் பின்னால் சறுக்கிவிடாமல் தாங்கத்தான் திமில். என் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கண்ணாடியில் தெரிவது லாரியா மலையா என்று சொல்ல முடியாது. அதில் சறுக்கப் போவது யார்?

ராயல் என்பீல்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1964இல் இங்கிலாந்தில் 250 சிசி கான்டினென்டல் ஜிடி வண்டியைத் தொழிற்சாலையிலேயே இந்தக் கோலத்தில் செய்து விட்டார்கள். ஸ்காட்லாந்தின் ஜான் ஓ’ குரோட்ஸிலிருந்து லேண்ட்ஸ் எண்ட் வரை ஆள் மாற்றி ஆள் ஓட்டி 24 மணி நேரத்துக்குள் சேர்த்து விளம்பரமும் தேடிக்கொண்டார்கள். லேண்ட்ஸ் எண்ட் என்றால் நிலத்தின் முடிவு. நமக்கு அது கன்னியாகுமரி, தக்கலையிலிருந்து ஒரு மணி நேரம், வழியில் சுங்கான்கடையில் ஒரு டீ உட்பட.

ஜூன் 16

தட்டு வேலைக்கு மர ஒட்டுப்பலகை, தகரம், பைபர் என்று மூன்று வழி. ஒட்டுப்பலகை நம் மழைக்கு இரண்டு வருடத்தில் உப்பிவிடும். தகரத்தைத் திமிலாக வளைக்கக் கைத்திறன் வேண்டும். பைபருக்கு இந்த மாவட்டத்தில் ஆள் தேட வேண்டுமா என்ன, கடற்கரை முழுக்க வள்ளத்துக்கு பைபர் போடுகிறவர்கள்தானே. குளச்சல் பக்கம் எனக்குத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் போனேன். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையேறிய படகுகளுக்கெல்லாம் ஒட்டு வேலை நடக்கிற நேரம். (ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் உள்ள ஊர் நம்முடையது. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிந்துவிடுகிறது.) அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் ஒரு சீட்டோடு போய் நின்றேன்.

திமிலைத் தெர்மாகோலில் செதுக்கி எடுத்துப் போயிருந்தேன். இரண்டு இரவு உப்புத்தாள் தேய்த்த வேலை. அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், பைபர் நாரை இறுக்குகிற ரெசின் பசையில் ஒரு சொட்டை அதன் மேல் விட்டார். சுடுசோற்றில் வைத்த வெண்ணெய்போல அந்த இடம் குழிந்து உள்ளே போனது. “மக்களே, இதற்கு ரெசின் ஆகாது. தின்றுவிடும்” என்றார். பிறகு அவரே வழியும் சொன்னார்: பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை இடைவெளி இல்லாமல் சுற்று, மேலே மெழுகு தேய், அப்புறம் கொண்டு வா.

மறுநாள் கொண்டு போனேன். பஞ்சுபோல இருக்கிற கண்ணாடி நார் விரிப்பில் சதுர மீட்டருக்கு 450 கிராம் வகை. ஓர் அடுக்கு காய்ந்தால் சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் வரும் என்பது கணக்கு. மூன்று போதும் என்றேன். என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “உட்காரப் போவது நீதானே? நாலு போடு” என்றார். அடிப்பக்கம் குறுக்காக இரண்டு விலாவும் வைத்தார். பிளந்த பிளாஸ்டிக் குழாயைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் நார் ஒட்டுவதுதான். வள்ளத்துக்குச் செய்வதை அப்படியே சிறிதாக்கிச் செய்தார். விலா இல்லாத தட்டு நடுவில் தொய்யும், தொய்ந்து தொய்ந்து விரிசல் விடும்.

கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நோட்டீஸ் 500 அடித்துத் தர வேண்டுமாம். இரண்டு வண்ணத்தில்.

ஜூன் 17

நேற்று எழுத மறந்த முக்கியமான ஒன்று. ரெசினோடு இரண்டு மருந்து சேர்க்க வேண்டும், கோபால்ட் என்கிற ஊதா நிறத்தது ஒன்று, இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்று. இவற்றை நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கி, அதற்குப் பிறகே மற்றது. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மறைப்பு எல்லாம் வேண்டும். வீட்டு வராந்தாவில் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தட்டு இன்னும் பிசுபிசுப்பாகவே இருக்கிறது. மழை ஈரத்தில் இறுகத் தாமதமாகும் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். நான்தான் நாலு தடவை விரலை வைத்துப் பார்த்து நாலு ரேகை பதித்துவிட்டேன்.

ஜூன் 28

பொருத்தியாயிற்று. மட்கார்டு பரணில். ரெக்சின் நானே ஒட்டினேன், அதைப் பற்றிப் பேச வேண்டாம். மாலை வெயிலில் வண்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தேன்.

ஓட்டினேன். இரணியல் போகும் சாலையில் வெள்ளைக்கோடு அழிந்த ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியபோது பின்னால் பழைய கதவைத் திறப்பதுபோல ஒரு சத்தம், அதோடு ரப்பர் கருகும் வாசனை. இறங்கிப் பார்த்தால் டயர் சீட்டின் அடித்தட்டைத் தேய்த்திருக்கிறது. தட்டோடு ஒட்டி விட்டிருந்த பின்விளக்கு வயரும் போச்சு. வரும்போது இருட்டிவிட்டது. விளக்கில்லாமல் சாலையின் ஓரத்தோடு ஓரமாக உருட்டிக்கொண்டு வந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஜூன் 29

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கோபம் தணிந்திருக்கிறது.

ஸ்டாண்டு போட்ட நிலையில் டயருக்கும் தட்டுக்கும் நடுவில் 5 சென்டிமீட்டர் விட்டிருந்தேன். தாராளம் என்று நினைத்தேன். இன்று ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் மேலே தூக்கினேன், அது அமுங்கக்கூடிய அளவு வரைக்கும். 8 சென்டிமீட்டர் வந்தது. ஐந்தில் எட்டு எப்படி அடங்கும்? நான்காம் வகுப்புக் கணக்கு.

ஜூன் 3 இரவு மட்கார்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். அந்த வரியைக் கிழித்துப் போடுங்கள். மட்கார்டு இருந்தவரை அது எங்கே நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார். அதைக் கழற்றிய நிமிடத்தில் அந்த வேலை என் தலைக்கு வந்தது, எனக்குத் தெரியவில்லை. மட்கார்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும், சீட் அதன் மேல் நிற்கட்டும். கொஞ்சம் உயரம் கூடும். கூடட்டும்.

ஜூலை 6

தும்பு மெத்தை. அதுவும் என் திருவாய் மலர்ந்ததுதான்.

ரப்பர் பால் தெளித்து இறுக்கிய தும்பு, நம் ஊர்ச் சரக்கு, தேங்காயும் ரப்பரும் சேர்ந்தது, இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்று பெருமையோடு ஒரு பழைய மெத்தையை அறுத்து வைத்தேன். உட்கார நன்றாகவே இருந்தது. ஒரு மழை பெய்தது. ரெக்சின் தையல் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, அந்தத் தும்பு முழுவதையும் குடித்துவிட்டது. மேலே துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். வடசேரி போய்ச் சேர்வதற்குள் என் வேட்டியின் பின்பக்கம் காப்பிச் சாயம். கடைக்காரர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, மெதுவான குரலில், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று விசாரித்தார்.

ஜூலை 7

ஏஸ் கஃபே பற்றி ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொன்னது சரி. கடை திறந்தது 1938. போரில் குண்டு விழுந்து சிதைந்து, 1949இல் மறுபடி கட்டினார்கள். 1969இல் மூடி, 2001இல் திரும்பத் திறந்தார்கள். ஐம்பதுகளும் அறுபதுகளும் அதன் பொற்காலம், பிறந்த காலம் அல்ல.

ஜூலை 20

கோட்டாறில் கார், பஸ் சீட்டுகளுக்குக் குஷன் தைக்கும் அண்ணாச்சியிடம் சரணடைந்தேன். நான் ஒட்டிய ரெக்சினைப் பார்த்து, “யார் தைத்தது?” என்றார். பதில் சொல்லவில்லை.

அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். தும்பை எடுத்துத் தெருவில் போட்டார். அதற்குப் பதில் துண்டு நுரைகளை அழுத்தி ஒட்டிச் செய்கிற கெட்டியான பஞ்சு 30 மில்லிமீட்டர், மேலே மிருதுவானது 12 மில்லிமீட்டர். கெட்டி எடையைத் தாங்கும், மிருது தோலைத் தாங்கும் என்று கணக்கு. மிருதுவை மட்டும் 50 மில்லிமீட்டர் வைத்தாலும் பத்து கிலோமீட்டரில் தட்டில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். ஓரங்களை ஒரு நீளக் கத்தியால் சீவினார், முடிவெட்டுகிறவர் காதோரம் இறக்குவதுபோல, ஒவ்வொரு சீவலுக்கும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே. தடவியதில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் இன்னும் இரண்டு சீவு சீவினார்.

பஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் தாள். மேல்பக்கம் குறுக்கே வரி வரியாகத் தைக்கச் சொன்னேன், படத்தில் அப்படித்தான் இருக்கும். “வரி ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால் தம்பி. கன்னியாகுமரியில் ரெண்டு மழைக்காலம்” என்றார். வரி வேண்டாம் என்றேன். உட்காரும் இடத்தில் ஒரே துண்டு, தையல் பக்கவாட்டில் மட்டும்.

மரத்தில் அடிக்கிற ஸ்டேப்ளர் பின் பைபரில் நிற்காது. ரெக்சினை அடிப்பக்கம் மடித்துப் பசை போட்டு, அதன் மேல் மெல்லிய அலுமினியப் பட்டை வைத்து ரிவெட் அடித்தார். அந்தப் பட்டைதான் சூட்சுமம், இல்லாவிட்டால் ரிவெட் அடித்த ஒவ்வோர் இடத்திலும் ரெக்சின் கிழிந்து வரும். அடித்தட்டில் சின்ன ஓட்டைகள் இரண்டும் போட்டார். எப்படியும் நுழையப் போகிற தண்ணீருக்கு வெளியே போக ஒரு வழி.

ஆகஸ்ட் 3

இன்று ஞாயிறு. மண்டைக்காட்டில் மாமியார் வீடு. பதினைந்து வருடமாக ஞாயிறு என்றால் இந்த வண்டியில்தான் போவோம். என் மனைவி புடவையை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள், வண்டியைப் பார்த்தாள். இரண்டு மாதமாக வராந்தாவில் நடந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். ஆனால் ஏறி உட்கார வேண்டிய ஆளாக இன்றுதான் பார்த்திருக்கிறாள்.

“பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்பதற்குத்தானே இந்த மேடு?”

விளக்க முயன்றேன். லண்டன், 100 மைல், சறுக்கல். அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பஸ்ஸுக்குப் பின்னாலேயே மண்டைக்காடு வரை ஓட்டினேன். அவள் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், திரும்பவில்லை. அங்கே போய் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள்: “புல்லட்டுக்குக் கூன் விழுந்துவிட்டது.”

ஆகஸ்ட் 4

வீட்டுச் சட்டம் போக நாட்டுச் சட்டமும் இருக்கிறது. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை 2 என்று இருக்கிறது. திமில் வைத்தால் 1. ஆகவே இந்த சீட்டோடு சாலையில் போய்விட்டு “சீட்தானே, என்ஜினா” என்று வாதாடினால் பேச்சு எடுபடாது. நானும் இதுவரை ஓட்டியது தவறுதான்.

பின்னிருக்கை உள்ள வண்டிக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் துணித்தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. பார்வைக்கு இடைஞ்சல் என்று பலர் முதலில் கழற்றி எறிவது இந்தத் துணித்தடுப்பைத்தான். புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றி விழுந்தவரை ஒருமுறை பார்த்தவர்கள் கழற்ற மாட்டார்கள்.

அந்தக் காலப் புல்லட்டில் ஸ்பிரிங் வைத்த ஒற்றை இருக்கை இருந்ததே, அது மட்டும் சரியா என்று கேட்பீர்கள். அது அப்படியே தயாராகி அப்படியே பதிவானது. என் வண்டி இரட்டை சீட்டோடு பிறந்தது.

ஆகஸ்ட் 5

“அப்படியானால் எதற்கு இத்தனை பாடு?” என்று கருங்கல் தம்பி. பாதி வழியில் அவர் இதைக் கேட்டிருந்தால் அடித்திருப்பேன். யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 17

யோசித்தேன். திமிலைக் கழற்றும்படி ஆக்கிவிட்டேன். தட்டைப் பழைய சீட்டின் முழு நீளத்துக்கும் மறுபடி போடச் செய்தேன் (நோட்டீஸ் இன்னும் 500). முன்பாதியும் பின்பாதியும் ஒரே மட்டத்தில் குஷன். பின்பாதியின் மேல் தொப்பிபோலக் கவிழ்கிறது திமில், அடியில் இரண்டு திருகு. அதைக் கழற்றினால் இருவர் உட்காரலாம். கைப்பிடி, கால்மிதி, துணித்தடுப்பு மூன்றும் அதனதன் இடத்தில். திமில் வண்டி நிற்கும்போது, படத்துக்கு. சாலைக்கு இறங்கும்போது அது வீட்டில்.

சுத்தக்காரர்கள் இதைக் கஃபே ரேசர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருமகனும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வண்டியில் அவன் மனைவி ஏறுவதில்லை.

ஆகஸ்ட் 24

ஆரல்வாய்மொழி வரை ஓட்டிப் பார்த்தேன், திமில் இல்லாமல். முப்பந்தல் காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகிற பருவம். கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது, திரும்பும்போது அதே கை நெஞ்சில். சீட் தாழ்ந்து மெலிந்ததால் உடம்பு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, அது நல்லது. நல்லதல்லாதது முழங்கால்: சீட் தாழ்ந்தது, கால்மிதி இருந்த இடத்திலேயே இருக்கிறது, கால் கூடுதலாக மடங்குகிறது. சீட், ஹேண்டில், கால்மிதி மூன்றும் ஒரு முக்கோணம். ஒன்றை நகர்த்தினால் மற்ற இரண்டும் கணக்குக் கேட்கும். கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளலாமே என்றால், என் வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், இரண்டுக்கும் புதிதாக இணைப்புக் கம்பி செய்ய வேண்டும். பிரேக் கம்பியில் விளையாட எனக்குத் துணிவில்லை. பஞ்சை 10 மில்லிமீட்டர் ஏற்றப் போகிறேன். அழகு 10 மில்லிமீட்டர் குறையும்.

செப்டம்பர் 14

போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம்போல் விரிசல். ஒற்றை சிலிண்டர் அதிர்வை பைபர் நேரடியாக வாங்கினால் இதுதான். வழி: ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி உள்ளே ஓர் இரும்புக் குழல் விடுங்கள், தட்டின் தடிமனைவிட ஒரு நூல் நீளமாக. போல்ட் இறுகும்போது குழலை அழுத்தும், பைபரை நசுக்காது. மேலும் கீழும் அகல வாஷர், அதோடு லாரி டியூபில் வெட்டிய ரப்பர் வட்டம். மரைக்கு கிரீஸ் தடவுங்கள், கடல் காற்றுக்கு நம் வண்டிகள் எல்லாம் உப்புக்கண்டம்தான். என் வண்டியில் சில மரை பிரிட்டிஷ், சில மெட்ரிக். பொருந்தாத போல்ட்டை ஸ்பானரின் பலத்தால் சம்மதிக்க வைக்காதீர்கள்.

அக்டோபர் 19

பழைய சீட்டைப் பரணிலிருந்து இறக்கினேன். ஜனவரியில் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வருடம் கடந்த வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். அதற்குப் பிறந்த கோலத்திலேயே போவது என்று முடிவு. சீட்டின் அடியில் அணில் கூடு, தும்பும் பஞ்சும் நோட்டீஸ் கிழிசலுமாக. குஞ்சுகள் பறந்துவிட்டன என்று எழுத வந்தேன். அணில் குஞ்சு பறக்காது. ஓடிவிட்டன.

நவம்பர் 2

இன்று அச்சகத்துக்கு ஒருவர் வந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு என்று நினைத்து மாதிரிகளை எடுத்து வைத்தேன். “தம்பி, கருங்கல்லிலிருந்து வருகிறேன். வண்டியைப் பார்க்கலாமா?” என்றார். ரம்பம் பட்டால் வீட்டுக்குள் வராதே என்ற அப்பா.

வண்டியைச் சுற்றி நடந்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கழற்றிக் காட்டு” என்றார். கழற்றினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய சீட்டைப் பொருத்தி முடிக்க 11 நிமிடம். அதன் பிறகு குனிந்து, பிரேம் குழாயின் அடிப்பக்கத்தை முன்னாலிருந்து பின்னால் வரை விரலால் தடவிக்கொண்டே போனார், கோட்டாறு அண்ணாச்சி பஞ்சைத் தடவியதுபோல. வெல்டிங் மேடு எதுவும் தட்டுப்படவில்லை. விரலில் பட்ட கிரீஸை என் மேசையில் கிடந்த வீணான தாளில் துடைத்தார்.

“அந்த மேடு எங்கே?”

அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினேன். தூக்கிப் பார்த்தார். “இது வேண்டாம் என்று சொன்னால் பையன் கேட்பானா?”

“கேட்க மாட்டான் அண்ணாச்சி.”

“சரி. கழற்றும்படிதானே இருக்கிறது.”

போகும்போது ஜூன் மாதம் வெட்டிய மில் போர்டு அட்டையைக் கேட்டார். இது என் வண்டிக்கு வெட்டியது, உங்கள் வண்டிக்கு இடது பக்கம் உட்காராது, அங்கே ஒரு மாடு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “பரவாயில்லை, எங்கள் வண்டியில் மோதியது தென்னை மரம். பார்த்து வெட்டிக்கொள்கிறோம்” என்றார். சுருட்ட முடியாத அட்டை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டே கருங்கல் பஸ்ஸில் ஏறினார்.